அறிந்து தரும் ஒப்புதல்

அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் மருத்துவமனையில் நோயாளியிடம் ஒரு படிவம் தரப்படும். அதில் ஒப்பமிட்ட பின்னரே சிகிச்சை தொடங்கும். பலர் அப்படிவத்தைப் படிப்பதில்லை. படித்தாலும் அதன் மொழி விளங்குவதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிடுகின்றனர். ஆனால் வெறும் கையெழுத்து ஒப்புதல் ஆகிவிடாது. தம் உடலில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை நன்கு உணர்ந்து, எவருடைய வற்புறுத்தலும் இன்றி ஒருவர் இசைவதே உண்மையான ஒப்புதலாகும். இதனை 'அறிந்து தரும் ஒப்புதல்' என்பர்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்து கொடுப்பவர் என்பன அவை. அவற்றுள் நோயாளியே முதலில் வைத்து எண்ணப்படுகிறார். மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரால் மட்டும் நிகழ்வதன்று என்பது இதனால் பெறப்படும்.

மருத்துவர் கூற வேண்டியவை

நோயாளி முடிவெடுக்க வேண்டுமாயின் அவருக்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். கண்புரை அறுவைச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். முதியோர் பலருக்கு இது தேவைப்படுகிறது. இதில் மருத்துவர் ஐந்து செய்திகளை விளக்க வேண்டும்.

1. செய்யப்போவது என்ன? ஒளி ஊடுருவாமல் மங்கிப்போன வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்துதல்.
2. அதனால் விளையும் நன்மை யாது? பார்வை தெளிவடைதல்.
3. வேறு வழி உண்டா? தொடக்க நிலையில் கண்ணாடியை மாற்றிச் சிறிது காலம் காத்திருக்கலாம்.
4. இடர்கள் யாவை? கிருமித்தொற்று, வீக்கம், அரிதாகப் பார்வை இழப்பு.
5. செய்யாவிடில் என்ன ஆகும்? பார்வை மேன்மேலும் மங்கும்.

இவற்றைக் கேட்டபின் நோயாளி இசையலாம், மறுக்கலாம், சிந்திக்கக் காலம் கேட்கலாம், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் நாடலாம்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு

1995ஆம் ஆண்டில் தில்லியில் 44 வயதுடைய பெண் ஒருவர் மருத்துவரை நாடினார். நோயின் தன்மையைக் கண்டறியும் ஆய்வு ஒன்றிற்காக அவருக்கு மயக்க மருந்து தரப்பட்டது. அவர் நினைவிழந்திருந்த வேளையில், வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் ஒப்புதல் பெற்று, அப்பெண்ணின் கருப்பையை மருத்துவர் அகற்றிவிட்டார். கண்விழித்த பின்னரே அப்பெண் அதனை அறிந்தார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2008ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. மருத்துவர் நோயாளியின் நன்மை கருதியே அவ்வாறு செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும், ஆய்வுக்கு அளித்த ஒப்புதல் சிகிச்சைக்கு அளித்த ஒப்புதல் ஆகாது என்று கூறியது. அப்பெண் வயது வந்தவர். சிறிது நேரத்தில் நினைவு திரும்பித் தாமே முடிவெடுக்கக் கூடியவர். உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. எனவே தாயாரின் ஒப்புதல் அவருடைய ஒப்புதலுக்கு ஈடாகாது என்பது முடிவு. மருத்துவர் அந்த அறுவைச் சிகிச்சைக்குக் கட்டணம் பெறக் கூடாது என்றும், 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது.

தாயின் அன்பும் மருத்துவரின் நல்லெண்ணமும் ஐயத்திற்கு உரியன அல்ல. ஆயினும் அவை இரண்டும் சேர்ந்தும் அப்பெண்ணின் சொல்லுக்கு ஈடாகவில்லை. இதுவே அத்தீர்ப்பு உணர்த்தும் பாடம்.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. விபத்தில் அடிபட்டு நினைவிழந்தவரிடம் ஒப்புதல் கேட்க இயலாது. காத்திருந்தால் உயிர் போகும். அத்தகைய நேரத்தில் உயிர்காக்கும் சிகிச்சையை மருத்துவர் உடனே மேற்கொள்ளலாம். சிறுவர்க்காகப் பெற்றோரோ காப்பாளரோ ஒப்புதல் அளிப்பர். அப்போதும் நடக்கப்போவதைச் சிறுவருக்கு ஏற்ற சொற்களில் விளக்குவது நல்ல மருத்துவரின் இயல்பு.

மொழி என்னும் பாலம்

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு சிக்கல் எழுவதுண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயின்ற பேரனோ பேத்தியோ இடையில் நின்று மொழிபெயர்ப்பர். இது சிறிய பணி போலத் தோன்றும். ஆனால் பொறுப்பு மிக்கது.

"மயக்கமாக இருக்கிறது" என்று பாட்டி கூறுவதாகக் கொள்வோம். தமிழில் மயக்கம் என்பது தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும். இந்தியில் முன்னதற்கு 'சக்கர்' என்றும் பின்னதற்கு 'பேஹோஷி' என்றும் வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. எது என்று பாட்டியிடம் கேட்டறியாமல் ஒன்றைச் சொல்லிவிட்டால், மருத்துவரின் எண்ணம் வேறு திசையில் செல்லும். அவ்வாறே ஆய்வு முடிவு 'பாசிட்டிவ்' என்றால் நற்செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் தேடிய நோய்க்கூறு உடலில் காணப்பட்டது என்பதே அதன் பொருள்.

மற்றொரு தவறு அன்பினால் நேர்வது. நோய் கடுமையானது என்று மருத்துவர் கூறும்போது, "ஒன்றுமில்லை பாட்டி, சரியாகிவிடும்" என்று மாற்றிச் சொல்லத் தோன்றும். அவ்வாறு சொல்லின், பாட்டி அறியாமலேயே பாட்டியின் முடிவைப் பேரக்குழந்தை எடுத்துவிடுகிறது. துன்பச் செய்தியைச் சிறுவர் சுமக்க வேண்டியதும் இல்லை. அத்தகைய நேரத்தில் தமிழ் அறிந்த செவிலியரையோ குடும்பத்துப் பெரியவரையோ அழைக்குமாறு மருத்துவரிடம் கேட்பதே முறை.

நினைவில் கொள்ள வேண்டியவை

மொழிபெயர்ப்பவர் கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறல் வேண்டும். தமக்கு விளங்காத சொல்லை ஊகிக்காது, மருத்துவரிடம் மீண்டும் கேட்டல் வேண்டும். மருத்துவர் நோயாளியின் முகம் நோக்கிப் பேசுமாறு சற்று ஒதுங்கி நிற்றல் நன்று. இறுதியில், புரிந்துகொண்டதை நோயாளியே தம் சொற்களில் திரும்பக் கூறுமாறு செய்தல் சிறந்த வழியாகும். பாட்டி தலையசைத்தார் என்பது விளங்கியதற்குச் சான்றன்று. "கண்ணிலே புது வில்லை வைப்பார்கள், சில நாள் தண்ணீர் படக் கூடாது" என்று அவரே கூறினால் அதுவே சான்று.

கேள்வி கேட்பது மருத்துவரை ஐயுறுவது ஆகாது. ஐயம் தீர்ந்த நோயாளி மருந்தை முறையாக உட்கொள்வார். இடர் நேரின் காலந்தாழ்த்தாமல் திரும்பி வருவார். ஆகவே அறிந்து தரும் ஒப்புதல் நோயாளிக்கும் மருத்துவருக்கும் ஒருங்கே நன்மை பயப்பதாகும்.

சொற்பொருள்

ஒப்பமிடுதல் – கையெழுத்திடுதல்
இசைதல் – உடன்படுதல்
இடர் – துன்பம், ஆபத்து
ஐயம் – சந்தேகம்
காப்பாளர் – பெற்றோர் இடத்தில் இருந்து பேணுபவர்

சிந்தித்து விடை தருக

1. தாயார் ஒப்புதல் அளித்தும் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்காதது ஏன்?
2. 'மயக்கம்' என்னும் சொல்லை மொழிபெயர்ப்பதில் எழும் இடர்ப்பாடு யாது?
3. பாட்டியிடம் நோயின் கடுமையை மறைப்பது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.