வாய்க்கால் தண்ணீரின் தாய்வீடு

மடத்துக்குளத்தில் என் வயலுக்கு வருவது அமராவதித் தண்ணீர். அது பிறக்குற மலையைப் பார்த்துடணும்னு ஆசை. பைக்கில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மலையேறினேன். காந்தலூரில் ஒரு பூண்டு விவசாயியின் தோட்டத்தில் ராத்தங்கல்.

மறுநாள் இரவிகுளம் தேசியப் பூங்கா. பைக்கை வெளியே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் போகணும். வரையாடுகள் மேயும் புல்வெளி, மடிப்புகளில் சோலை, மேலே 2,695 மீட்டர் ஆனைமுடி.

இந்தப் பக்கத்து மலைகளில் பிறக்கும் பாம்பாறு, சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்கு வருகிறது. இங்கே உழவில்லை, உரமில்லை. புல்லும் சோலையும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுகின்றன. வங்கிக் கணக்கில் சொன்னால், அசலில் கைவைக்காத மலை; ஓடைதான் வட்டி.

நம்ம அசல் மண். அதை வெயிலில் காயவிடாதீங்க, மூடாக்குப் போடுங்க.