‘பெஞ்சா’வா... ‘பெஞ்சிருந்தா’வா? ‘இஃப்’ கேள்வியை ஈஸியாக்கும் கரிசல் காட்டு ஃபார்முலா!

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் புரட்டாசி பிறந்துட்டா, எல்லார் பேச்சிலும் ஒரு ‘பெஞ்சா’ இருக்கும். மானாவாரி பூமி அப்படி! ஆக, கண்டிஷனல் சென்டன்ஸ் நமக்குப் புதுசே இல்லை. ஆனா பப்ளிக் எக்ஸாம், பேங்க், எஸ்.எஸ்.சி தேர்வுகள்ல ‘இஃப்’ கேள்வி வந்தா மட்டும் ஏன் குழப்பம்?

காரணம் இதுதான். நடக்க வாய்ப்பு இருக்கிறதுக்கும், வெறும் கற்பனைக்கும் தமிழ்ல ஒரே ‘பெஞ்சா’ போதும். இங்கிலீஷ் ரெண்டையும் தனித்தனியா பிரிக்கும். மார்க் போறது அங்கேதான்.

1. எப்பவும் நடக்கும்

கரிசல் மண் காய்ஞ்சா வெடிக்கும். அது இயற்கை. ரெண்டு பக்கமும் சிம்பிள் பிரசன்ட்: ‘இஃப் பிளாக் சாயில் ட்ரைஸ், இட் கிராக்ஸ்.’

2. நடக்கலாம்

மழை பெஞ்சா பருத்தி போடுவோம். ‘இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் பிளான்ட் காட்டன்.’ இனிமே பெய்யப்போற மழைதானேன்னு ‘இஃப் இட் வில் ரெய்ன்’னு எழுதிடாதீங்க. ‘வில்’ அடுத்த பாதிக்கு மட்டும்தான்.

3. சும்மா கற்பனை

தாமிரபரணி நம்ம ஊர் வழியா ஓடினா நெல்லு போடுவோம். ஓடப்போறது இல்லை, ஆனாலும் ஆசைப்படலாமே! ‘இஃப் தாமிரபரணி ரேன் த்ரூ அவர் வில்லேஜ், வீ வுட் க்ரோ பேடி.’ ‘ரேன்’ இறந்த காலம் மாதிரி தெரிஞ்சாலும் சொல்றது இப்போதைய கற்பனையைத்தான். தமிழ் ‘ஓடினா’வும் அதே மாதிரிதானே! இந்த வகையில ‘ஐ’ வந்தாலும் ‘வேர்’ போடுறதுதான் தேர்வுக்கு சேஃப்: ‘இஃப் ஐ வேர் யூ.’

4. முடிஞ்சுபோச்சு

மழை பெஞ்சிருந்தா பயிர் பிழைச்சிருக்கும். பெய்யலை, பயிரும் போச்சு. இனி மாத்த முடியாது. ‘இஃப் இட் ஹேட் ரெய்ன்ட், த க்ராப் வுட் ஹேவ் சர்வைவ்ட்.’ ‘இருந்தா’வுக்கு ‘ஹேட்’, ‘இருக்கும்’க்கு ‘வுட் ஹேவ்’னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

எக்ஸாம் ஹால்ல என்ன பண்ணணும்?

கோடிட்ட இடத்தை விட்டுட்டு, முதல்ல அடுத்த பாதியைப் படிங்க. அங்கே ‘வில்’ இருந்தா ‘இஃப்’ பக்கம் பிரசன்ட். ‘வுட்’ மட்டும் இருந்தா பாஸ்ட். ‘வுட் ஹேவ்’ இருந்தா ‘ஹேட்’டும் பாஸ்ட் பார்ட்டிசிபிளும்.

‘இஃப்’பை எடுத்துட்டு எழுதச் சொன்னா, நாலாவது வகையில ‘ஹேட்’டை முன்னாடி கொண்டுவந்தா போதும்: ‘ஹேட் இட் ரெய்ன்ட், த க்ராப் வுட் ஹேவ் சர்வைவ்ட்.’ ‘அன்லெஸ்’க்குள்ளேயே ‘இல்லேன்னா’ இருக்கு. அதனால அந்தப் பாதியில இன்னொரு ‘நாட்’ வேண்டாம்: ‘அன்லெஸ் இட் ரெய்ன்ஸ், வீ வில் நாட் பிளான்ட் காட்டன்.’

இன்னிக்கு வீட்ல பேசுறதை கொஞ்சம் கவனிங்க. “பஸ் வந்தா”, “காசு இருந்தா”, “அன்னிக்கே படிச்சிருந்தா”ன்னு காதுல விழுற நாலு வாக்கியத்தை நோட்ல எழுதி, எது எந்த வகைன்னு பிரிச்சு இங்கிலீஷ்ல மாத்திப் பாருங்க. ஒரு வாரம் விடாம செஞ்சா, எக்ஸாம்ல ‘இஃப்’ கேள்வி உங்களுக்கு ஈஸி மார்க்!