மரத்துண்டு சொல்லும் பாடம்

கனமான பீரோவை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளியிருக்கிறீர்களா? முதலில் அது அசையவே மறுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவோம். ஒருமுறை நகர்ந்துவிட்டால் பிறகு அவ்வளவு சிரமம் இராது. இளைப்பாற நிறுத்தினால் மறுபடியும் பழைய கதைதான்!

இதற்குக் காரணம் உராய்வு. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகளில், ஒன்றன்மீது மற்றொன்று நகர்வதைத் தடுக்கும் விசை இது. இதன் குணங்களை வகுப்பறை மேசையிலேயே சோதித்து அறியலாம்.

தேவையானவை: செங்கல் வடிவில், எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இழைக்கப்பட்ட, சம எடையுள்ள இரண்டு மரத்துண்டுகள், சிறு ஆணி, நூல், பள்ளி ஆய்வுக்கூடத்துச் சுருள்வில் தராசு. ஒரு துண்டின் முனைப் பக்கத்தின் நடுவில் ஆணி அடித்து, நூலால் தராசுடன் இணையுங்கள்.

சோதனை 1: துண்டை மேசைமீது அகலவாட்டில் வைத்து, தராசை மெல்ல இழுங்கள். முள் ஏறிக்கொண்டே போகும், துண்டு அசையாது. சட்டென்று அது நகரத் தொடங்கியதும் முள் சற்று இறங்கிவிடும். அசையாத பொருளைப் பிடித்து வைப்பது நிலை உராய்வு. நழுவும் பொருளைத் தடுப்பது இயக்க உராய்வு. பின்னது முன்னதைவிடக் குறைவு. பீரோவின் கதையும் இதுவே.

சோதனை 2: இரண்டாவது துண்டை முதல் துண்டின்மேல் அடுக்கி இழுங்கள். எடை இருமடங்கு, தராசு காட்டும் விசையும் ஏறத்தாழ இருமடங்கு.

சோதனை 3: இப்போது ஒரே துண்டைக் குறுகிய பக்கத்தின்மேல் நிறுத்தி இழுக்கப் போகிறீர்கள். மேசையைத் தொடும் பரப்பு குறைந்துவிட்டதல்லவா? உராய்வும் குறையுமா? முதலில் உங்கள் விடையை எழுதி வைத்துவிட்டு, பிறகு இழுத்துப் பாருங்கள். தராசு ஏறத்தாழ பழைய அளவையே காட்டும்!

இது எப்படி? எவ்வளவு இழைத்தாலும் மரத்தின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. இரு பரப்புகளும் மேடுகளின் உச்சிகளில் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. அகலவாட்டில் வைத்தால் பல உச்சிகள் எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. குறுகிய பக்கத்தில் நிறுத்தினால் உச்சிகள் சில. ஆனால் ஒவ்வொன்றும் அதிகமாக நசுங்கி அகன்றுவிடுகிறது. ஆகவே உண்மையான தொடுபரப்பு மாறுவதில்லை. எடை கூடினால்தான் அது கூடும்.

லியொனார்டோ டா வின்சி இதைக் கண்டறிந்து தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அவை நெடுங்காலம் வெளிவரவில்லை. 1699-இல் பிரான்சு நாட்டு அமோந்தோன் இவ்விதிகளை மீண்டும் கண்டு அறிவித்தார். நசுங்கும் உச்சிகளைப் பற்றிய விளக்கத்தை 20-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் நிலைநாட்டினர்.

இனி மேசையை விட்டுச் சாலைக்கு வருவோம். உருளும் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் நழுவுவதில்லை. எனவே அங்கே பிடித்து நிறுத்துவது நிலை உராய்வு. பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் சுழலாமல் நின்று தரையில் தேய்ந்துகொண்டு போகும். அப்போது கிடைப்பது குறைவான இயக்க உராய்வே. திருப்பினாலும் வண்டி திரும்பாது. இதைத் தவிர்க்கவே, சக்கரம் நின்றுவிடாதபடி பிரேக்கை வினாடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வந்தது.

வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். உராய்வு விசையோ கூடுவதில்லை. காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்குமானால், 80 கிலோமீட்டர் வேகத்தில் 36 மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

மழையில் நிலைமை இன்னும் மோசம். சாலைக்கும் டயருக்கும் நடுவே நீர் புகுந்தால் மேடுகள் ஒன்றையொன்று தொட முடியாது. டயரின் பள்ளங்கள் அந்த நீரை வெளியேற்றவே அமைந்தவை. காய்ந்த சாலையில் ஓடிவிடும் மொட்டை டயர், மழையில் ஆளைக் கவிழ்ப்பது இதனால்தான்.

மழைநாளில் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும்போது மரத்துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறையுங்கள், பிரேக்கை முன்கூட்டியே, மெல்ல மெல்லப் பிடியுங்கள்.