காற்றில் ஓடும் படகுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பாய்மரப் படகு ஓடுவதற்கு எரிபொருள் தேவையில்லை. ஆனால் அதில் வாரக்கணக்காகக் கடலில் இருப்பவர்களுக்கு மின்சாரம் தேவை. இரவில் எரியும் திசைவிளக்கு, இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ், பெரிய கப்பல்களுக்குத் தன்னை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவி, வானொலித் தொடர்பு, சுக்கானைத் தானாகப் பிடிக்கும் தன்னியக்கி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய அனைத்தும் ஒரு பற்றரித் தொகுதியை நம்பியே இருக்கின்றன. அது வெறுமையானால் தனியாகச் செல்பவரால் தூங்க முடியாது. விளக்கில்லாத படகை இரவில் வரும் சரக்குக் கப்பல் காணவும் மாட்டாது.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி 1938 இல் எமது கடலோடிகளுடன் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது இந்தக் கருவிகளில் ஜிபிஎஸ்ஸும் ஏஐஎஸ்ஸும் உலகிலேயே இருக்கவில்லை. இன்று நீண்ட பயணம் போகும் சிறு படகுகள் இவையில்லாமல் புறப்படுவது அரிது. ஆகவே மின்சாரத்தை எப்படிப் பெறுவது என்பது, எந்தப் பாயைக் கட்டுவது என்பதற்கு நிகரான முடிவாகிவிட்டது.

முதலில் செலவுக் கணக்கு

பலர் எந்தக் கருவியை வாங்கலாம் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம், ஒரு நாளுக்கு எவ்வளவு செலவாகிறது என்பதாகும். 12 வோல்ற் பற்றரியில் இதை அம்பியர்-மணியில் கணக்கிடுவார்கள். 3 அம்பியர் எடுக்கும் கருவி 10 மணிநேரம் ஓடினால் 30 அம்பியர்-மணி செலவாகும்.

சுமார் 40 அடி நீளமான படகொன்றை எடுத்துக்கொள்வோம். தன்னியக்கி சராசரியாக 3 அம்பியர் எடுத்தால் நாளொன்றுக்கு 72. வழிகாட்டும் கருவிகளுக்கும் வானொலிக்கும் 36. குளிர்சாதனப் பெட்டிக்கு 50. எல்ஈடி விளக்குகளுக்கு 6. தொலைபேசி, மடிக்கணினிக்கு 16. மொத்தம் 180. அதே படகு நங்கூரமிட்டு நிற்கும்போது தன்னியக்கியும் பெரும்பாலான கருவிகளும் ஓய்ந்துவிடும். 80 அளவில் போதும். ஒரே படகுக்கு இரண்டு கணக்குகள். இதைக் கவனிக்காததுதான் பல படகுகள் நடுக்கடலில் இருளில் மூழ்கக் காரணம்.

1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. உற்பத்தி சிறிதானால், எதற்குச் செலவிடுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நான்கு வழிகள்

முதலாவது, படகின் டீசல் இயந்திரத்தோடு இணைந்த ஒல்ரனேற்றர். எப்படியும் இயந்திரம் இருப்பதால் இது மேலதிகச் செலவற்றதாகத் தோன்றும். ஆனால் ஈய-அமில பற்றரி நிரம்ப நிரம்ப ஏற்கும் மின்னோட்டம் குறைந்துகொண்டே போகும். கடைசி ஐந்திலொரு பங்கை நிரப்பப் பல மணிநேரம் ஆகும். அதற்காக இயந்திரத்தைச் சுமையின்றி ஓடவிடுவது எரிபொருளையும் வீணாக்கும், இயந்திரத்தையும் கெடுக்கும். இதைக் கைகாவலாக வைத்திருப்பதே நல்லது.

இரண்டாவது, சோலர் பனல். அசையும் பாகம் இல்லை, சத்தமில்லை, பராமரிப்பும் குறைவு. வெப்பவலயத்தில் 100 வாற் பனல் ஒன்று நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 அம்பியர்-மணி தரும். 400 வாற் இருந்தால் நங்கூரத்தில் நிற்கும் படகுக்கு ஏறத்தாழப் போதும். ஓடும் படகுக்குப் போதாது. பாய்மரத்தினதோ கயிற்றினதோ நிழல் பனலின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி பெரிதும் குறையும். அதனால் ஒவ்வொரு பனலுக்கும் தனித்தனிக் கட்டுப்படுத்தி பொருத்துவது பயன் தரும்.

மூன்றாவது, காற்றாலை. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். இதில் ஒரு மறைவான சிக்கல் உண்டு. மணிக்கு 15 கடல்மைல் காற்று பின்னாலிருந்து வீச, படகு 6 கடல்மைல் வேகத்தில் ஓடினால், காற்றாலை உணர்வது 9 மட்டுமே. நங்கூரமிட்டு நிற்கும் படகு அதே காற்றில் நான்கு மடங்குக்கு மேல் சக்தியைப் பெறும். கரீபியன் தீவுகளில் நிற்கும் படகுகளுக்குக் காற்றாலை இரவும் பகலும் உழைக்கும். அத்திலாந்திக்கைக் கடந்து அங்கே போகும் வழியில், காற்று முதுகுப்பக்கம் வீசுவதால், அது பெரும்பாலும் சோம்பியே சுற்றும்.

நான்காவது, நீர்ச்சுழலி. படகின் பின்புறம் நீரில் இறக்கிவிடும் சிறு விசிறி இது. படகு ஓடும் வேகமே அதைச் சுழற்றும். 6 கடல்மைல் வேகத்தில் 100 வாற் அளவு கிடைத்தால், ஒரு நாளில் 200 அம்பியர்-மணிக்கு அருகில் வரும். காற்றாலை தளரும் அதே அத்திலாந்திக் பாதையில் இது முழுமூச்சாக உழைக்கும். வேகத்தில் சிறிது இழப்பு உண்டு. கடற்பாசி சிக்கும். படகு நின்றால் இதுவும் நின்றுவிடும்.

இவற்றைவிடப் பெற்றோல் ஜெனரேற்றர் வைத்திருப்போரும் உண்டு. மூடிய அறையிலோ அதன் அருகிலோ அதை இயக்கக்கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. தூங்குபவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். இது வீடுகளுக்கும் பொருந்தும்.

சேமிக்கும் இடம்

ஈய-அமில பற்றரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஒரு நாளுக்கான 180 அம்பியர்-மணியைச் சேமிக்க 360 கொள்ளளவு வேண்டும். லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரியில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தலாம்; 225 போதும், எடையும் மூன்றிலொரு பங்குக்குக் குறைவு. ஆனால் அது மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும் வேகத்தில் சாதாரண ஒல்ரனேற்றர் சூடேறிக் கருகக்கூடும். கட்டுப்படுத்தியையும் மாற்றாமல் பற்றரியை மட்டும் மாற்றுவது ஆபத்து.

ஒன்றை மட்டும் நம்பாதவர்

நியூசிலாந்தைச் சேர்ந்த கொன்ராட் கோல்மன் 2016-17 வாண்டே குளோப் போட்டியில் தனியாக உலகைச் சுற்றினார். டீசல் இயந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டார். சோலர் பனல்களும் நீர்ச்சுழலியும் மின்சாரம் தந்தன. 2017 பெப்ரவரியில் முடிவிடத்துக்கு 740 கடல்மைல் இருக்கும்போது பாய்மரம் முறிந்தது. எஞ்சிய துண்டுகளால் தற்காலிகப் பாய் கட்டி, 110 நாட்களில் கரைசேர்ந்தார். புதைபடிவ எரிபொருள் எதுவுமின்றி அந்தப் போட்டியை நிறைவுசெய்த முதலாமவர் அவரே.

எல்லாப் படகுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. நிற்கும் நாட்கள் அதிகமானால் சோலரும் காற்றாலையும்; ஓடும் நாட்கள் அதிகமானால் சோலரும் நீர்ச்சுழலியும். எப்படியானாலும், ஒன்று கைவிடும்போது தாங்க வேறு தன்மையுள்ள இன்னொன்று இருக்க வேண்டும். இயந்திரத்தை இயக்கும் பற்றரியை மற்றவற்றிலிருந்து பிரித்தே வைக்க வேண்டும்.

பல நாள் கடலில் தங்கும் எமது மீன்பிடிக் கலங்களுக்கும் இந்த விதி பொருந்தும். இயந்திரம் பழுதானால், அதை மட்டும் நம்பியிருந்த வானொலியும் ஜிபிஎஸ்ஸும் விளக்கும் சில மணிநேரத்தில் அடங்கிவிடும். கூரையில் ஒரு 100 வாற் பனலும், வேறெதற்கும் தொடாத ஒரு தனிப் பற்றரியும் இருந்தால், திசைமாறி மிதக்கும் படகு தான் எங்கே இருக்கிறது என்று கரைக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்.