களஞ்சியப் பூனையின் வயிற்றையும் கவனியுங்கள்

நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் பூனை வளர்ப்பது செல்லத்துக்காக மட்டுமல்ல, எலிக்காகவும்தான். மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரைத் தேடும் நாம், பூனை வாந்தி எடுத்தால் 'தானாகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் சரியாகியும் விடும். எப்போது சரியாகாது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பூனையைக் காப்பாற்ற முடியும்.

சாதாரண உபாதைகள்

பூனை உடலை நக்கும்போது முடி வயிற்றுக்குள் போகும். எப்போதாவது ஒருமுறை முடிச் சுருளைக் கக்கிவிட்டு, வழக்கம்போல் ஓடியாடித் திரிந்தால் பயமில்லை. பால் குடித்தபின் கழிச்சல் வந்தால் பாலை நிறுத்த வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பு நீக்கிய கோழி இறைச்சியைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

ஆசனவாயைச் சுற்றி அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. எலியைத் தின்பதாலும், தெள்ளுப்பூச்சியாலும் இது வருகிறது. எலி பிடிக்கும் பூனைக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை, எடைக்கு ஏற்ற குடற்புழு நீக்க மருந்தை மருத்துவர் சொன்னபடி கொடுக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

* ஒரே நாளில் பலமுறை வாந்தி, அல்லது வாந்தியிலோ மலத்திலோ ரத்தம்.
* 24 மணி நேரமாக எதுவும் தின்னாமல் இருப்பது. பூனை பல நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். 'வயிறு காயட்டும்' என்று பட்டினி போடுவது தவறு.
* குட்டிகளுக்கு வாந்தி, கழிச்சலுடன் சோர்வு. இது தொற்றுநோயாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகள் வேகமாக இறந்துவிடும்.
* பிடரித் தோலை இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பாதது. உடலில் நீர் வற்றியதன் அடையாளம் இது.
* கடுவன் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குவது. மலச்சிக்கல் என்று நினைப்போம். சிறுநீர் அடைப்பாகவும் இருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.
* வாயிலோ ஆசனவாயிலோ சாக்கு தைக்கும் நூல் தொங்குவது. இழுத்தால் குடல் அறுபடும். அப்படியே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

எலி மருந்தும் பூனையும்

ஜிங்க் பாஸ்பைடு கலந்த இரை வயிற்று அமிலத்தில் பட்டதும் நச்சு வாயுவாக மாறும். சில மணி நேரத்தில் வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு வரலாம். அந்த வாந்தியை முகர்ந்து பார்க்கக் கூடாது. பூனையைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

புரோமாடியோலோன் கட்டிகள் வேறு விதம். இவற்றைத் தின்ற எலியைத் தின்றாலும் பூனை பாதிக்கப்படலாம். ரத்தம் உறையாமல் போகும். அறிகுறி தெரியச் சில நாட்கள் ஆகும். ஈறு வெளுத்தல், கருநிற மலம், மூக்கில் ரத்தம் ஆகியவை கண்டால் எலி மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு வைட்டமின் கே1 சிகிச்சை உண்டு. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும் என்பதால், மருந்தின் உறையையும் எடுத்துச் செல்வது அவசியம்.

செய்யக் கூடாதவை

பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம்; அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவோ, விளக்கெண்ணெயை வாயில் புகட்டவோ கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பூனை இருக்கும் வீட்டில் எலிக்குப் பொறி வைப்பதே நல்லது. வயலில் மருந்து வைக்க நேர்ந்தால் இரையை வளைக்குள் இட்டு வாயை மூட வேண்டும். மறுநாள் காலையில் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.