இரு சமூகங்களுக்கும் பொதுவான கறி: வீட்டில் ஆட்டிறைச்சி சமைத்தல்

தெஹிவளையை அண்டிய களுபோவில, கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையினாலேயே பலருக்கும் அறிமுகமானதாகும். அங்கும், சற்று அப்பால் வெள்ளவத்தையிலும், வடக்கே கொட்டாஞ்சேனையிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஒழுங்கையில், சில வேளைகளில் ஒரே மாடிக் கட்டடத்தில் வாழ்ந்து வருகின்றனர். மாட்டிறைச்சியைச் சைவர் விலக்குவர். பன்றியிறைச்சியை முஸ்லிம்கள் தீண்டார். கோழியும் மீனும் அன்றாட உணவாகிவிட்டன. எனவே, இரு வீட்டாரும் விருந்தென்று மதித்து ஒருவருக்கொருவர் கொடுத்தனுப்பக்கூடிய இறைச்சி ஆட்டினுடையதே. அதனை வீட்டில் சமைக்கும் வழக்கம் குறைந்து, கடைப் பொதிகளை நாடும் போக்கு வலுப்பெற்று வருவது சமையலறையுடன் மாத்திரம் முடியும் விடயமன்று.

ஆட்டை முழுமையாகப் பகிர்ந்துண்ணும் மரபு நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தீபாவளியை ஒட்டிப் பலர் சேர்ந்து கிடாய் வாங்கி, தசை, எலும்பு, ஈரல், குடல் என அனைத்தும் ஒவ்வொரு கூறிலும் விழுமாறு பங்கிடுவர். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சி தமக்கும், உறவினர் அயலவருக்கும், ஏழைகளுக்குமெனப் பகிரப்படுகின்றது. நைஜீரியாவின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்களிடத்தே ஆட்டுத்தலையைக் கொண்டு ஆக்கப்படும் ‘இசி எவு’ என்னும் உணவு பெரும் மதிப்புக்குரியது. வேகவைத்த தலைத் துண்டங்களை, செம்பனை எண்ணெயுடன் காரக்கல் கரைத்த நீரைச் சேர்த்துப் பெறும் மஞ்சள் நிறக் கூழில் புரட்டுவர். மிளகாயும், சாதிக்காயை நினைவூட்டும் ‘எஹுரு’ விதையும் அதிற் சேரும். மேலே கசப்பான ‘உத்தாசி’ இலையை மெல்லியதாய் அரிந்து தூவி, சிறு மர உரலில் வைத்துப் பரிமாறுவர். நமது தலைக்கறியை உண்டு பழகியவருக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. வீட்டில் முயல விரும்புவோர் எஹுருவுக்குப் பதிலாகச் சாதிக்காயைப் பயன்படுத்தலாம். செம்பனை எண்ணெயின் மணத்துக்குத்தான் மாற்றுக் கிடையாது.

எந்த நாட்டு முறையாயினும் இறைச்சியின் இயல்பு ஒன்றே. அறுத்த சில மணி நேரத்தில் தசைகள் விறைப்படைகின்றன. அந்நிலையில் அடுப்பேற்றினால் எவ்வளவு வேகவைத்தாலும் சவ்வு போலிருக்கும். பெருநாளன்று கிடைத்த இறைச்சி மெல்ல முடியவில்லையென ஆட்டைக் குறைகூறுவோர் பலர். ஆயினும் குற்றம் ஆட்டினுடையதன்று. விறைப்பு ஏற்படுமுன் உறைநிலைப் பெட்டியில் திணிப்பதும் நன்றன்று. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்தால் தசை தானாகவே தளரும். ஆட்டிறைச்சியில் கொழுப்புக் குறைவு, இணைப்பிழையம் அதிகம். அவ்விழையம் சுமார் 70 பாகை செல்சியஸுக்கு மேல், நீருடன் நீண்ட நேரம் வேகும்போதே பசைபோல இளகும். கறிக்குத் தடிப்பைத் தருவதும் அதுவே. ஆகவே எலும்பில்லாத் துண்டுகளை மட்டும் கேட்டு வாங்குவோர் கறியின் பாதிச் சுவையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகின்றனர் என்பேன்.

ஒரு கிலோ இறைச்சிக்கு மூன்று மேசைக்கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூள், மஞ்சள், உப்பு, இடித்த இஞ்சி, உள்ளி ஆகியவற்றைப் பிசறி ஒரு மணி நேரம் வைத்தல் வேண்டும். முற்றிய ஆடாயின் முஸ்லிம் வீடுகளில் செய்வதுபோல் அரைத்த பப்பாசிக்காய் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். மிகுந்தால் இறைச்சி மாவாகிவிடும். தேங்காயெண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை, இரம்பை, கறுவாப்பட்டை ஆகியவற்றைத் தாளித்து, இறைச்சியை இட்டு, அது விடும் நீர் வற்றும்வரை கிளற வேண்டும். பலர் அவசரப்படும் இடம் இதுவே. பின்னர் சுடுநீர் அல்லது இரண்டாம் பால் விட்டு மூடி, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேக விடலாம். இறுதியில் முதற்பாலும், வறுத்து இடித்த பெருஞ்சீரகம், ஏலம், கராம்புத் தூளும் சேர்த்து ஒரு கொதியில் இறக்கி, தேசிக்காய்ப் புளி விட வேண்டும்.

இரண்டு மணி நேர அடுப்பென்பது இன்று சிறிய செலவன்று. 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதையும், நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதையும் கொழும்பு மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகியது. விறகடுப்பு மூட்ட இடமில்லாத மாடி வீடுகளில் அழுத்தச் சட்டியே கைகொடுத்தது. அதனுள் வெப்பம் 120 பாகை அளவுக்கு உயர்வதால் 25 நிமிடங்கள் போதுமாகின்றன. ஆயினும் வதக்குவதையும் இறுதிப் பாலையும் மூடிக்குள் அடைக்காது, திறந்த நிலையிலேயே செய்தல் நன்று.

முஸ்லிம் அயலவருக்குக் கொடுக்க எண்ணும் தமிழ்க் குடும்பத்தினர் சிலவற்றை முன்கூட்டியே கவனித்தல் அவசியம். இறைவன் பெயர் கூறி அறுத்து, இரத்தம் வடியவிட்ட ஹலால் இறைச்சியாக அது இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் சிலர் விரும்பியுண்ணும் இரத்த வறை அவர்களுக்கு ஆகாது. அதே சட்டியில் அதனைச் செய்திருப்பின் நன்கு கழுவியே பயன்படுத்த வேண்டும். பன்றியிறைச்சி சமைத்த பாத்திரத்தைத் தவிர்த்தல் நலம். ஐயமிருப்பின் அவர்கள் வாங்கும் கடையிலேயே வாங்கிவிடலாம். முஸ்லிம் வீட்டார் தமிழருக்கு அனுப்பும்போது, வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டி போன்ற விரத நாட்களும் தவிர்க்கப்பட வேண்டியவை. போயா தினங்களில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்குமாதலால் முதல் நாளே வாங்கி வைத்தல் நன்று. சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காது ஆறவிட்டுக் குளிரூட்டினால், மறுநாள் சூடாக்கும்போது தூளின் காரம் அடங்கிச் சாறு எலும்பில் ஊறியிருக்கும். அன்று பாணுடனோ இடியப்பத்துடனோ கொடுத்தனுப்பலாம்.