ஊளையிடாத பெட்டி ஒன்று தேவை

ஆம்ப்ளிஃபையர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு ஆடி மாசம். அம்மன் கோயில் வேப்ப மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், கீழே பெஞ்சில் உட்கார்ந்து ‘ஹலோ, மைக் டெஸ்ட்டிங், ஒன், டூ...’ சொல்லும் சவுண்ட் சர்வீஸ் பையன், அவன் ‘த்ரீ’க்குப் போவதற்குள் தெருவே காதைப் பொத்திக் கொள்ளும்படி ‘ஊய்ய்ய்ங்’ என்று ஓர் ஊளை. மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகி வருகிறது. அதை மைக் மறுபடி கேட்கிறது. மறுபடி பெரிதாகிறது. மாமியார் சொன்னதை மருமகள் புருஷனிடம் சொல்லி, அவன் போய் அம்மாவிடமே திருப்பிச் சொன்னால் வீட்டில் என்ன ஆகுமோ, அதுதான். ஃபீட்பேக் என்று பெயர்.

அந்த ஊளை வராத ஒரு பெட்டியைத் தேடி நான் மூன்று மாதம் அலைந்தேன். காரணம், ஜவ்வாது மலையில் இருக்கும் 83 வயது அங்கிள்.

அங்கிள் ரயில்வே கார்டாக ஜோலார்பேட்டையில் ரிட்டயர் ஆனவர். ஆங்கிலோ இந்தியர். சனிக்கிழமை ராத்திரி ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸுக்குக் கிடார் வாசித்தவர். இப்போது மகளோடு ஜமுனாமரத்தூரில் இருக்கிறார். எனக்கு ஜாஸ் என்று ஒன்று இருப்பதே அவரால்தான் தெரியும். போன வருஷம் தன் கிடாரை என்னிடம் கொடுத்துவிட்டார். விரல் மடங்கவில்லை, இரண்டு காதிலும் மெஷின். கொடுக்கும்போது ஒரே ஒரு கண்டிஷன்.

“டிசம்பர்ல இங்க வந்து வாசிக்கணும் மேன். எனக்குக் கேக்கணும். சத்தம் கேக்கறது வேற, நோட் கேக்கறது வேற. எனக்கு நோட் கேக்கணும்.”

இந்தக் கிடார் சினிமாவில் ஹீரோ காலேஜ் படிக்கட்டில் வைத்துக் கொண்டு பாடுகிற ஜாதி இல்லை. வயலினுக்குப் பெரியண்ணன். உள்ளே வெற்றிடம், மேல் பலகை குவிந்து, இரண்டு பக்கமும் எஃப் எழுத்து மாதிரி துவாரங்கள், கம்பிக்கடியில் ஒரு காந்தப் பிக்கப். ராக் கச்சேரியில் பார்க்கிற எலெக்ட்ரிக் கிடார் கெட்டி மரக்கட்டை. அதை ஸ்பீக்கர் முன்னால் நிறுத்தினாலும் பெரிதாக அசைந்து கொடுக்காது. இதுவோ வீணைக் குடம் மாதிரி. பக்கத்தில் யாராவது தும்மினாலே ‘ம்ம்’ என்று பதில் சொல்லும். ஸ்பீக்கர் சத்தம் பலகையை ஆட்டும், பலகை கம்பியை ஆட்டும், கம்பியைப் பிக்கப் கேட்டு மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். மாமியார் கதைதான். ஆனால் கோயில் மைக் கீச்சுக் குரலில் கத்தும், இது அடித்தொண்டையில் உறுமும். வெற்றுடல் கிடாரின் வயிறு பெரும்பாலும் 100-லிருந்து 200 ஹெர்ட்ஸுக்குள் அதிர ஆசைப்படும். அடிக்கம்பியில் அந்த ஸ்வரத்தைத் தொட்டால் போதும், நீங்கள் விட்டாலும் அது விடாது.

இவ்வளவு தொல்லை என்றால் ஏன் இந்தக் கிடார்? அந்தத் தொனிக்காகத்தான். ‘டும்’ என்று ஆரம்பித்து, உருண்டு, சீக்கிரம் அடங்கிவிடும். வெண்ணெய் உருண்டை போல ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழும். 1936-ல் கிப்ஸன் கம்பெனி இஎஸ்-150 என்று பிக்கப் வைத்த வெற்றுடல் கிடாரைக் கொண்டு வந்தது. துணைக்கு விற்ற ஆம்ப் சுமார் 15 வாட்ஸ். அந்தக் கிடாரை எடுத்துக் கொண்டுதான் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். அதுவரை கிடார்க்காரர்களுக்கு வாத்தியக் கோஷ்டியில் ‘ஜிங் ஜிங்’ என்று தாளம் போடுவதுதான் முக்கிய உத்தியோகம். கிறிஸ்டியன் ஸாக்ஸஃபோனுக்குச் சமமாகத் தனி ஆவர்த்தனம் வாசித்தார். 1942-ல் காசநோயில் போய்விட்டார், வயது 25. மூன்றே வருஷத்தில் கிடாரின் தலையெழுத்தை மாற்றியவர். அதில் பாதிப் புண்ணியம் அந்த 15 வாட்ஸ் பெட்டிக்கும் சேரும்.

நம் பக்கத்துக்கும் இது அந்நியமில்லை. 1958-ல் டேவ் ப்ரூபெக் குழு மதராஸ் வந்தபோது பழனி சுப்ரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு உட்கார்ந்தார்கள். கல்கத்தாவில் கார்ல்டன் கிட்டோ 2016-ல் சாகும் வரை வெற்றுடல் கிடாரில் ஜாஸ் வாசித்தும், பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தும் வந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஜான் மெக்லாஃப்லின் ‘ரிமெம்பர் சக்தி’யில் வாசித்ததும் இந்த வகைக் கிடாரில்தான்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். தலைமுடியைக் குடுமியாகக் கட்டிய விற்பனைப் பையன் ஓடி வந்து ஒரு பெட்டியைத் தட்டினான். “ஸார், 100 வாட்ஸ். டிஸ்டார்ஷன் சும்மா கிழிக்கும்!”

“தம்பி, கிழிக்கவே கூடாது. அதுக்கு என்ன இருக்கு?”

ஓட்டலில் ‘காரமில்லாத காரச் சட்னி’ கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கிடார் ஆம்ப் உலகத்தில் முக்கால்வாசி வியாபாரம் சத்தம் உடைவதில்தான். வால்வ் ஆம்பை முறுக்கினால் ஒலியின் ஓரம் பிய்ந்து கரகரக்கும். ராக்குக்கு அது அமிர்தம். ஜாஸில் ஒரே நேரத்தில் நாலைந்து ஸ்வரங்களைக் கொத்தாகப் பிடிக்கிறோம், அதுவும் ஒன்றோடொன்று உரசுகிற ஸ்வரங்கள். அங்கே கரகரப்பு சேர்ந்தால் சாம்பாரில் பாயசம் கொட்டிய கதை. ஆகவே நமக்கு வேண்டியது உடையாத சத்தம். 40 வாட்ஸ் பெட்டியைக் கால்வாசி திறந்து வாசிப்பதும், 10 வாட்ஸ் பெட்டியை முழுக்கத் திறந்து வாசிப்பதும் ஒன்றல்ல.

அதற்காக வாட்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 50 வாட்ஸ் 100 ஆனால் சத்தம் இரட்டிப்பாகாது. ‘ஏதோ கொஞ்சம் கூடியிருக்கு’ என்று தோன்றும், அவ்வளவே. காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். இதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். சொன்னால் 100 வாட்ஸ் எப்படி விற்கும்?

பெரியவர்கள் என்ன வைத்திருந்தார்கள் என்று பார்த்தேன். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப்: வால்வ், 85 வாட்ஸ், 12 இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, பளிங்கு மாதிரி சுத்தம். ஆனால் 29 கிலோ! 1975-ல் ரோலண்ட் கொண்டு வந்த ஜாஸ் கோரஸ்-120: டிரான்ஸிஸ்டர், பெயரிலேயே ஜாஸ், அதுவும் கிட்டத்தட்ட அதே கனம். ஜோ பாஸ் வாசித்த பாலிடோன் மினி ப்ரூட் என் கனவு. டிரான்ஸிஸ்டர், சின்னப் பெட்டி, ஒரே ஸ்பீக்கர், இருட்டான வெல்வெட் சத்தம். புதிதாகக் கிடைப்பதில்லை, பழையது வைத்திருப்பவர்கள் மகளுக்குச் சீதனமாகக்கூடத் தர மாட்டார்கள்.

29 கிலோ பெட்டியோடு ஜமுனாமரத்தூர் பஸ் ஏறுவதைக் கற்பனை செய்து பாருங்கள். திருப்பத்தூரில் இறங்கி, ஆலங்காயம் போய், அங்கிருந்து காவலூர் வழியாக மலை ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் என் மடியில் கிடார், கண்டக்டர் மடியில் ஆம்ப். லக்கேஜ் டிக்கெட்டோடு விட மாட்டார்.

காவலூர் என்றதும் ஒரு விஷயம். வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அதன் பெருமை. அதற்கு முன்பே, 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்து, அதற்கு வளையங்கள் இருப்பதை உலகம் கண்டுகொண்ட ராத்திரியில் காவலூரிலும் அளந்து கொண்டிருந்தார்கள். நட்சத்திரத்தின் துளி வெளிச்சத்தை மின்சாரமாக்கி லட்சக்கணக்கான மடங்கு பெருக்குகிறார்கள். அதுவும் ஆம்ப்ளிஃபையர்தான். அவர்கள் தொல்லையும் என் தொல்லையும் ஒன்று: பெருக்கினால் வேண்டியது மட்டுமா பெருகும்? வேண்டாததும் சேர்ந்து பெருகும். அதனால்தான் டவுன் விளக்கு இல்லாத மலையாகப் பார்த்துப் போனார்கள்.

அங்கிள் கிடாரில் இருப்பது பழைய ஒற்றைச் சுருள் பிக்கப். டியூப் லைட், மின்விசிறி ரெகுலேட்டர், எல்லாவற்றின் இரைச்சலையும் வாங்கி ‘ம்ம்ம்’ என்று முனகும். இரட்டைச் சுருள் போட்டு அதை ஒழிக்கும் வித்தையைக் கிப்ஸனில் ஸெத் லவர் 1955-ல் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அங்கிள் கிடாரில் உளி வைக்க எனக்குத் தைரியம் கிடையாது. போதாததற்கு அவர் வீட்டில் வோல்டேஜ் சாயங்காலமானால் 180-க்கு இறங்கும். வால்வ் ஆம்ப் அப்போது சுருண்டு படுத்துவிடும். கரண்ட் போனால் மலிவு இன்வெர்ட்டர். அதன் முரட்டு மின்சாரம் முனகலைச் சங்கீதமாகவே பாடும். ஆகவே 100-லிருந்து 240 வோல்ட் வரை எது வந்தாலும் சமாளிக்கும் டிரான்ஸிஸ்டர் பெட்டி என்று முடிவாயிற்று. வால்வ் பக்தர்கள் மன்னிக்க.

மிச்சமிருந்தது அங்கிளின் காது. கஷ்டமான பகுதி இதுதான்.

வயதாகும்போது உச்ச ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் ‘ச’வும் ‘ப’வும் நழுவி, ‘என்ன முணுமுணுக்கறே?’ என்று தாத்தாக்கள் சண்டைக்கு வருவது அதனால்தான். கிடாரில் பிளெக்ட்ரம் கம்பியைத் தொடும் அந்த ‘டிக்’, ஏறக்குறைய 2000-லிருந்து 4000 ஹெர்ட்ஸ் பிரதேசம். ஜாஸ்காரர்களின் சம்பிரதாயமோ அதைக் கொன்றுவிடுவது: ட்ரெபிள் குமிழைக் குறை, போர்வை போர்த்திய மாதிரி வாசி. போர்வை போர்த்தி வாசித்தால் அங்கிளுக்கு ‘மொம் மொம்’ என்று சத்தம் கேட்கும். நோட் கேட்காது.

இன்னொன்றும் தெரிய வந்தது. காது மெஷினும் ஒரு ஆம்ப்தான்; மைக், ஸ்பீக்கர் இரண்டும் ஒரு இஞ்சுக்குள். அதுவும் ஊளையிடும். ஊளையை அடக்க உள்ளே ஒரு போலீஸ்காரனை வைத்திருக்கிறார்கள். நீளமாக ஒரே ஸ்வரம் வந்தால் ‘இது ஊளை’ என்று சந்தேகப்பட்டு அவன் கழுத்தை நெரிப்பான். புல்லாங்குழல், வயலின் எல்லாம் நடுங்கித் தெரியும். கிடாருக்கும் காதுக்கும் ஒரே வியாதி! பல மெஷின்களில் சங்கீதத்துக்கென்று தனி அமைப்பு உண்டு, அதில் இந்தப் போலீஸ் லீவில் இருப்பான். உங்கள் வீட்டுப் பெரியவர் ‘டி.வி.யில பாட்டு நல்லால்லே’ என்று சொன்னால் மெஷின் தந்தவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அங்கிளின் மகளிடம் போனில் சொன்னேன். “அப்படி ஒண்ணு இருக்கா?” என்று அடுத்த வாரமே திருப்பத்தூர் போய்ச் சரி செய்து வந்துவிட்டார்.

கடைசியில் வாங்கியது 60 வாட்ஸ் டிரான்ஸிஸ்டர் பெட்டி. ஒரே 10 இஞ்ச் ஸ்பீக்கர், 9 கிலோ, செகண்ட் ஹாண்ட். பெரம்பூரில் சர்ச்சுக்கு வாசிக்கும் ஒருவர் விற்றார். வாங்கும்முன் என் கிடாரையே கொண்டு போனேன். கடைக் கிடாரில் சோதித்து ஆம்ப் வாங்குவது, அடுத்த வீட்டுப் பையன் காலில் அளவு பார்த்துச் செருப்பு வாங்குவது மாதிரி. மேடையில் வைக்கிற அளவுக்குச் சத்தம் வைத்து, நாலடி தள்ளி நின்று, கம்பியிலிருந்து கையை எடுத்து, பத்து வினாடி சும்மா இருந்தேன். உறுமல் லேசாகக் கிளம்பியது. பேஸ் குமிழை 5-லிருந்து 2-க்கு இறக்கினேன், நின்றது. மிடில் 7-ல் வைத்ததும் சத்தத்துக்கு உடம்பு வந்தது. முக்கியமாக, ட்ரெபிளை 6 வரை ஏற்றியும் ஈயப் பாத்திரம் மாதிரி கிணுகிணுக்கவில்லை. அதற்காகவே பணம் கொடுத்தேன்.

டிசம்பர் கடைசி வாரம் மூன்று பேர் போனோம். பாங்க்கில் வேலை செய்யும் நண்பர் பிரஷ் குச்சிகளோடு ஒரே ஒரு ஸ்நேர் டிரம், இன்னொருவர் பேஸ். அங்கிள் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. ஆம்பைத் தரையில் வைத்தால் பேஸ் வீங்கும், அதனால் ஒரு இரும்பு நாற்காலி மேல். என் முதுகுக்குப் பின்னால் வைத்தால் கிடார் வயிற்றில் நேராக அடிக்கும், அதனால் பக்கவாட்டில், முகம் அங்கிளைப் பார்த்து. பி.பி. கிங் துவாரங்களில் துணி அடைத்து வாசித்தார் என்று கேட்டு, நானும் அங்கிளின் பழைய சாக்ஸ் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. வெளியே நல்ல குளிர். ஜன்னலில் நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

முதல் பாட்டில் அங்கிள் அசையவில்லை. கண்ணை மூடிக் கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவதன் நடுவில் ஒரு விரலை உயர்த்தி, கார்டு பச்சைக் கொடி ஆட்டுவது போல மேலே அசைத்தார். ட்ரெபிளை 7-க்கு ஏற்றினேன். எந்த ஜாஸ் ரசிகரும் எழுந்து போயிருப்பார். அங்கிளின் கட்டை விரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது, அதுவும் சரியாக இரண்டிலும் நாலிலும்.

முடிந்ததும் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். மகள் குனிந்து, “டாடி, கேட்டுதா?” என்றார்.

“எல்லா நோட்டும் கேட்டுது” என்றார் அங்கிள். பிறகு பாங்க் நண்பர் பக்கம் திரும்பி, “அந்த செகண்ட் நம்பர்ல ஏன் மேன் வண்டிய அப்படி ஓட்டினே? நான் இன்னும் கொடியே காட்டலியே!”